வீட்டிலே மிளகாய் வளர்ப்போம்

 

நம் இல்லங்களில் மிளகாய் சேராத சமையல் மிகக் குறைவு. காலையில் சட்னி, நண்பகலில் குழம்பு, மாலையில் சம்பால் என்று நாள் முழுவதும் அதன் துணை நமக்கு வேண்டியிருக்கிறது. ஆயினும், ஒரு மிளகாய் விதை எத்தனை நாளில் முளைக்கும், எத்தனை வாரத்தில் பூக்கும் என்று வினவினால் இன்று நம்மில் பலர் விடை கூறத் தயங்குவோம்.

முன்னாளில் இரப்பர்த் தோட்டங்களில் இந்நிலை இல்லை. லயத்து வீடுகளின் பின்புறம் கறிவேப்பிலை, முருங்கை, மிளகாய் ஆகிய மூன்றும் தவறாமல் இருந்தன. பால்வெட்டு முடிந்து வீடு திரும்பிய தாய்மார், கடைக்குப் போகாமலே பத்து மிளகாயைப் பறித்துக் குழம்பு வைத்தனர். பின்னர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறின. குடும்பங்கள் பல அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. நிலம் கைவிட்டுப் போனதோடு நிலத்தைப் பற்றிய அறிவும் போய்விடலாகாது. வெயில் படும் இடத்தில் ஒரு பூச்சட்டி வைக்க முடிந்தால், அவ்வறிவை மீட்டுக்கொள்ளலாம். அதற்கான வழியை இப்பாடத்தில் படிப்படியாகக் காண்போம்.

1. மிளகாய் வந்த வழி

மிளகாய் நம் முன்னோர் தொன்றுதொட்டு அறிந்த பயிர் அன்று. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவிலும் வாழ்ந்த மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அதனைப் பயிரிட்டு வந்தனர். 1492ஆம் ஆண்டில் கொலம்பஸ் கடல்வழியே அங்குச் சென்ற பின்னரே உலகின் பிற பகுதிகள் மிளகாயை அறிந்தன. போர்த்துக்கீசிய வணிகர் 16ஆம் நூற்றாண்டில் அதனை இந்தியாவிற்குக் கொண்டுவந்தனர். 1511இல் மலாக்காவைக் கைப்பற்றியவர்களும் அவர்களே. அந்நூற்றாண்டின் கடல் வாணிகத்தின் வழியாகவே மிளகாய் மலாய் நாடுகளிலும் பரவியது.

அதற்குமுன் தமிழர் உணவுக்குக் காரம் சேர்த்தவை மிளகும் திப்பிலியும் ஆகும். புதிதாக வந்த காய், மிளகைப் போல் காரமாக இருந்ததால், ‘மிளகு’, ‘காய்’ என்னும் இரு சொற்களும் சேர்ந்து ‘மிளகாய்’ என்ற பெயர் அமைந்தது. ஒரு சொல்லுக்குள்ளே ஒரு வரலாறு அடங்கியிருப்பதை மாணவர்கள் கவனித்தல் வேண்டும்.

தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியவை மிளகாயின் உறவுச் செடிகள். யாவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இச்செய்தி பின்னால் நோய்களைப் பற்றிப் படிக்கும்போது பயன்படும்.

2. காரம் எங்கே இருக்கிறது?

மிளகாயின் காரம் அதன் விதையில் இருப்பதாகவே பலரும் கருதுகின்றனர். ஒரு மிளகாயை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்மையான தசைப்பகுதி ஒன்று தெரியும். ‘காப்சைசின்’ என்னும் காரப்பொருள் அப்பகுதியிலேதான் உண்டாகிறது. விதைகள் அதனோடு ஒட்டியிருப்பதால் அவற்றின்மீதும் காரம் படிந்துவிடுகிறது.

செடிக்கு இக்காரத்தால் பயன் உண்டு. விலங்குகள் மிளகாயைக் கடித்தால் வாய் எரிகிறது. அவை விலகிப் போகின்றன. விலங்குகளின் பற்கள் விதைகளை நசுக்கிவிடும் என்பதால், அவை விலகுவது செடிக்கு நன்மையே. பறவைகளுக்கோ இவ்வெரிச்சல் தெரிவதில்லை. அவை பழத்தை விழுங்கி, விதையைச் சேதமின்றித் தொலைவில் எச்சமிடுகின்றன. யாரும் நடாத வேலியோரத்தில் ‘சிலி பாடி’ என்னும் ஊசி மிளகாய்ச் செடி திடீரென்று தழைத்து நிற்பதன் காரணம் இதுவே.

நம் நாவிலும் தோலிலும் சுடுபொருளின் வெப்பத்தை உணர்த்தும் நரம்பு முனைகள் உள்ளன. காப்சைசின் அவற்றையே தூண்டுகிறது. அதனால்தான் மிளகாய் உண்மையில் சுடாவிட்டாலும் சுடுவது போல் தோன்றுகிறது. இதனை ஆராய்ந்து கண்ட அமெரிக்க அறிஞர் டேவிட் ஜூலியஸ் 2021ஆம் ஆண்டின் மருத்துவத்திற்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மிளகாயில் வைட்டமின் சி சத்தும் நிறைந்துள்ளது. ஹங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி, தம் நாட்டு மிளகாயிலிருந்தே அச்சத்தை மிகுந்த அளவில் பிரித்தெடுத்தார். 1937இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

ஓர் எச்சரிக்கை: காரப்பொருள் நீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே விதை எடுக்கும் முன் கைகளில் சிறிது எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். அதுவரை கண்ணைத் தொடவேண்டா.

3. விதை தேர்தல்

நம் நாட்டில் வீட்டுக்கு ஏற்றவை இரு வகை. ஒன்று, நீண்டு தொங்கும் பெரிய மிளகாய். ஜோகூரில் உள்ள கூலாய் ஊரின் பெயரைத் தாங்கிய ‘கூலாய்’ மிளகாய் இவ்வகையைச் சேர்ந்தது. மற்றொன்று, வானை நோக்கி நிமிர்ந்து காய்க்கும் ஊசி மிளகாய். உருவிற் சிறியவரானாலும் ஆற்றலிற் பெரியவரை மலாய்க்காரர் ‘கெச்சில்-கெச்சில் சிலி பாடி’ என்பர். நம்மவரோ, ‘கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது’ என்பர்.

கடையில் வாங்கிய நன்கு பழுத்த சிவப்பு மிளகாயிலிருந்தே விதை எடுக்கலாம். பச்சை மிளகாயின் விதை முற்றியிராது. அது முளைப்பது அரிது. காய்ந்த மிளகாயின் விதைகள் சில வேளைகளில் முளைக்கும். ஆனால் மிகுந்த சூட்டில் உலர்த்தியிருந்தாலோ, நெடுநாள் கிடங்கில் கிடந்திருந்தாலோ அவற்றின் உயிர் போயிருக்கும். விதை உயிருள்ளதா என்பதைக் கண்ணால் பார்த்துக் கூற இயலாது. அதற்கு ஒரு சோதனை உண்டு.

4. முளைப்புச் சோதனை

தேவையானவை: 10 விதைகள், ஒரு பருத்தித் துணி, ஒரு தட்டு, மூடி.

செய்முறை: துணியை நனைத்து, நீர் சொட்டாதபடி பிழிந்து, தட்டில் விரியுங்கள். 10 விதைகளையும் இடைவெளி விட்டு வைத்து, துணியின் மறுபாதியால் மூடுங்கள். தட்டின்மீது மூடியைக் கவிழ்த்து, நேர்வெயில் படாத இடத்தில் வையுங்கள். துணி காயாமல் நாள்தோறும் சிறிது நீர் தெளியுங்கள். மிளகாய் விதை முளைக்க 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பம் ஏற்றது. நம் நாட்டுத் தாழ்நிலங்களில் இவ்வெப்பம் ஆண்டு முழுவதும் இயல்பாகவே கிடைக்கிறது. குளிர் நாட்டார் இதற்கெனத் தனியாகச் சூடேற்ற வேண்டியிருக்கிறது.

பெரிய மிளகாய் 7 முதல் 10 நாளில் முளைவேர் விடும். ஊசி மிளகாய் இரண்டு வாரமோ, சற்றுக் கூடுதலாகவோ எடுத்துக்கொள்ளலாம். நாள்தோறும் முளைத்தவற்றை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு: 10 விதைகளுள் 6 முளைத்தால் முளைப்புத்திறன் 60 விழுக்காடு. உங்களுக்கு 6 நாற்றுகள் வேண்டுமென்றால் குறைந்தது 10 விதைகள் விதைக்கவேண்டும். இளநாற்றுகளில் சில மடியக்கூடும் என்பதால் 14 விதைகள் இடுவது தக்கது. பத்தில் ஒன்றுதான் முளைத்தது எனில், அவ்விதையை ஒதுக்கிவிட்டு வேறு விதை தேடுதல் வேண்டும். உயிரற்ற விதைக்கு ஒரு மாதம் நீர் ஊற்றிக் காத்திருப்பதைவிடப் பத்து நாள் சோதனை மேலானது அன்றோ?

5. மண்ணும் கலனும்

தோட்ட மேல்மண் 3 பங்கு, நன்கு மக்கிய எரு 2 பங்கு, ஆற்றுமணல் 1 பங்கு சேர்த்துக் கலக்குங்கள். மண் செடிக்கு நிலைக்களன். எரு அதன் உணவு. மணல் நீரை வடியச்செய்வது. மாட்டெரு, ஆட்டெரு, கோழியெரு எதுவாயினும் பழையதாகவே இருத்தல் வேண்டும். புதிய கோழியெரு வேரைக் கருக்கிவிடும்.

நம் நாட்டு மண் பெரும்பாலும் புளிப்புத்தன்மை மிக்கது. மிளகாய்க்கு மிகுந்த புளிப்பு ஒவ்வாது. ஆகவே நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே சிறிது விவசாயச் சுண்ணாம்பை மண்ணில் கலந்து வைப்பது நன்று. விறகடுப்புச் சாம்பலையும் ஒரு கைப்பிடி சேர்க்கலாம்.

கலனுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. நாற்றுக்குப் பால் டின்னே போதும். வளர்ந்த செடிக்கு 30 சென்டிமீட்டர் அகலமும் அதே ஆழமும் உள்ள எண்ணெய்த் தகரம், வாளி, பூச்சட்டி ஆகியவற்றுள் ஒன்று வேண்டும். அடியில் ஐந்தாறு துளைகள் இடுங்கள். துளையில்லாக் கலனில் நீர் தேங்கி, வேர் அழுகிவிடும்.

பெற்றோர்கள் இங்கு ஒன்றைக் கண்டிப்பாக மனத்திற்கொள்ள வேண்டும். களைக்கொல்லி, பூச்சிமருந்து ஆகியவை இருந்த கலன்களை எக்காரணம் கொண்டும் செடி வைக்கவோ நீர் மொள்ளவோ பயன்படுத்தலாகாது. எத்தனை முறை கழுவினாலும் அவற்றை நம்புவதற்கில்லை. நம் தோட்டங்களில் நெடுங்காலம் தெளிக்கப்பட்டு வந்த ‘பாராகுவாட்’ களைக்கொல்லி, மனித உயிருக்குக் கொடியது என்பதால் 2020ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. அதன் பழைய கலன் எங்கேனும் மூலையில் கிடந்தால் பிள்ளைகள் கையில் அகப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைத்த ஒரு டின்னுக்காகக் குழந்தையின் உடல்நலத்தைப் பணயம் வைக்கலாமா?

6. விதைப்பும் நாற்றுப் பராமரிப்பும்

விதைகளை ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மறுநாள் விதையுங்கள். டின்னில் மண்ணை நிரப்பி, அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் இரண்டிரண்டு விதை இட்டு மெல்ல மூடுங்கள். மிக ஆழத்தில் இட்டால் இளமுளை மண்ணைத் துளைத்து வெளிவர வலிவின்றி மடியும்.

நீரை ஊற்றாதீர்கள், தெளியுங்கள். வேகமாக ஊற்றினால் விதை புதைந்தோ மிதந்தோ போகும். முளை வரும்வரை நிழலில் வைக்கலாம். முளை தலைகாட்டியதும் காலை வெயில் படும் இடத்திற்கு மாற்றுங்கள். வெளிச்சம் போதாத நாற்று, வெளுத்து நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிடும்.

முதலில் தோன்றும் இரு குறுகிய இலைகள் வித்திலைகள் எனப்படும். அவற்றையடுத்து வருபவையே உண்மையிலைகள். இரண்டு உண்மையிலைகள் வந்தபின், ஒரு டின்னுக்கு வலிய நாற்று ஒன்றை மட்டும் விட்டு, மற்றதை மண்மட்டத்தில் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் நிற்கும் நாற்றின் வேரும் அசையும்.

பிள்ளைகள் வளர்க்கும் நாற்றுகளுள் பல, அன்பு மிகுதியால் சாகின்றன! காலையில் ஒரு முறை, பள்ளி விட்டு வந்து ஒரு முறை, அந்தியில் ஒரு முறை என நீர் ஊற்றினால், மண்ணில் பூசணம் பெருகி, தண்டின் அடி கறுத்து மெலிந்து, நாற்று ஒரே நாளில் சரிந்துவிடும். விரல் நுனியால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் நீர் விடுங்கள்.

7. நடவு

விதைத்து நான்கைந்து வாரத்தில் நாற்றுக்கு ஐந்தாறு உண்மையிலைகள் இருக்கும். அப்போது பெரிய கலனுக்கு மாற்றலாம். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நாற்றை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூடுதல் வெயிலுக்குப் பழக்குங்கள். மாலை நேரத்தில், வேரைச் சுற்றிய மண் உதிராமல் எடுத்து நட்டு, உடனே நீர் விடுங்கள். நிலத்தில் நடுவோர் செடிக்குச் செடி 50 சென்டிமீட்டர் இடைவெளி விடவேண்டும். காற்றில் சாயாமலிருக்க ஒரு குச்சியை ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படவேண்டும். அடைமழைக் காலத்தில் கலனைத் தாழ்வாரத்தில் வைத்தல் நலம்.

செடி ஓரளவு உயர்ந்ததும் தண்டு இரண்டாகக் கவைத்துப் பிரியும். அக்கவைக்குக் கீழே தோன்றும் பக்கத்துளிர்களைக் கிள்ளிவிடுங்கள். செடியின் வலிமை மேலே பூவுக்கும் காய்க்கும் செல்லும். அடியில் காற்றோட்டமும் கிடைக்கும்.

8. நீரும் உரமும்

காலையில் வேரடியில் நீர் விடுதல் சிறந்தது. அரிசி கழுவிய நீரையும் விடலாம். ஒருநாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்று மாறி மாறி இருந்தால் பூ உதிரும்; காயின் நுனியும் கறுக்கும். கலனின் அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு, அத்தகைய தெளிந்த நீரிலேதான் முட்டையிடுகிறது. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கொசு பெருக இடமளிப்பது தண்டனைக்குரிய குற்றமும் ஆகும்.

உர மூட்டையில் 15-15-15 என்றும் 12-12-17 என்றும் எண்கள் அச்சிடப்பட்டிருப்பதைத் தோட்டத் தொழிலாளர்கள் நன்கு அறிவர். அவற்றின் பொருளை மாணவர்களும் அறிதல் வேண்டும். முதல் எண் தழைச்சத்து, இரண்டாவது மணிச்சத்து, மூன்றாவது சாம்பல்சத்து. 12-12-17 உரம் 100 கிராமில் இவை முறையே 12, 12, 17 கிராம் அடங்கியுள்ளன. தழைச்சத்து இலையையும் தண்டையும் வளர்க்கும். மணிச்சத்து வேருக்கும் பூவுக்கும் உதவும். சாம்பல்சத்து காயைத் திரட்சியாக்கும். ஆகவே இளஞ்செடிக்கு 15-15-15 என்னும் பச்சை உரமும், பூக்கத் தொடங்கியபின் 12-12-17 என்னும் நீல உரமும் ஏற்றவை. இரண்டு வாரத்திற்கு ஒரு முறை, கலனுக்கு ஒரு தேக்கரண்டி, தண்டை ஒட்டாமல் ஓரத்தில் இட்டு நீர் விடுங்கள். தழைச்சத்து மிகுந்தால் செடி பசுமையாக அடர்ந்து நிற்கும், காய்தான் இராது.

9. நோயும் பூச்சியும்

மிளகாய்க்குப் பெரும்பகை இலைச்சுருட்டை. இலை படகைப் போல் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேனின் வேலை என்றும், கீழ்நோக்கி மடிந்தால் சிலந்திப்பூச்சியின் வேலை என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். எறும்புகள் சாரிசாரியாகச் செடியேறினால் அங்கு அசுவினிகள் உள்ளன என்று பொருள். அவை சுரக்கும் இனிப்பு நீரை நாடியே எறும்புகள் வருகின்றன.

வாரம் இருமுறை இலைகளைத் திருப்பி அடிப்புறம் பாருங்கள். பூச்சி சிறிதளவே இருக்கும்போது நீரைப் பீச்சிக் கழுவினாலே போதும். மிகுந்தால், ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைக் கலந்து, மாலையில் இலையின் அடியில் படும்படி தெளித்து, பின்னர் நல்ல நீரால் கழுவுங்கள். வீட்டார் உண்ணும் செடிக்கு வேலையிடத்து நஞ்சைக் கொண்டுவருதல் தகாது.

இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் படர்ந்து, செடி குறுகி நின்றால் அது வைரஸ் நோய். அதற்கு மருந்து இல்லை. அசுவினி முதலிய பூச்சிகள் அந்நோயை ஒரு செடியிலிருந்து மற்றொன்றிற்குக் கொண்டுசெல்லும். ஆகவே இரண்டு மாதம் பேணி வளர்த்த செடியாயினும், நோய் உறுதியானால் அதைப் பிடுங்கி, பையிலிட்டுக் கட்டி எறிந்துவிட வேண்டும். மனம் வருந்தும், ஆயினும் ஒன்றை இழக்கத் துணியாதவர் எல்லாவற்றையும் இழக்க நேரிடும். புகையிலையைத் தாக்கும் ஒருவகை வைரஸ் மிளகாயையும் தாக்கும் என்பதால், சுருட்டோ சிகரெட்டோ புகையிலையோ தொட்ட கையைக் கழுவிய பின்னரே செடியைத் தொடவேண்டும். கத்தரி, தக்காளி ஆகியவை வாடி இறந்த மண்ணிலும் மிளகாய் நடவேண்டா. உறவுச் செடிகளுக்கு நோயும் பொதுவன்றோ?

10. அறுவடையும் விதை சேமிப்பும்

நட்ட நான்கைந்து வாரத்தில் பூக்கள் தோன்றும். விதைத்ததிலிருந்து ஏறக்குறைய மூன்று மாதத்தில் பச்சைக் காயும், மேலும் சில வாரங்களில் சிவந்த பழமும் கிடைக்கும். காம்போடு கத்தரித்துப் பறியுங்கள். பறிக்கப் பறிக்கச் செடி மேலும் காய்க்கும்.

நோயின்றி நன்கு காய்த்த செடியில், நன்கு சிவந்த சில பழங்களை விதைக்கென விட்டுவையுங்கள். விதைகளை எடுத்து ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, காகித உறையிலிட்டு, பெயரும் தேதியும் எழுதி, மூடியுள்ள போத்தலில் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள்வரை அவை முளைக்கக்கூடும். வீரிய ஒட்டு விதையில் வளர்ந்த செடியாயின், அதன் பிள்ளைகள் தாயைப் போல் இரா. அருகருகே இருவகை மிளகாய் இருப்பினும் தேனீக்களால் மகரந்தம் கலந்துவிடும். மலர் விரியுமுன் மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டி, காய் பிடித்தபின் பையை நீக்கி அக்காயில் ஓர் அடையாள நூலைக் கட்டிவையுங்கள்.

பயிற்சி

1. ‘மிளகாய்’ என்னும் பெயர் அமைந்த காரணத்தை விளக்குக.
2. 10 விதைகளுள் 8 முளைத்தன. 12 நாற்றுகள் பெறக் குறைந்தது எத்தனை விதைகள் விதைக்க வேண்டும்?
3. 12-12-17 உரம் 50 கிலோகிராம் மூட்டையில் சாம்பல்சத்து எவ்வளவு?
4. வீட்டிலோ உறவினரிடையிலோ தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் ஒருவரிடம், லயத்து வீட்டின் பின்புறம் என்னென்ன வளர்த்தார் என்று கேட்டு எழுதி வருக.
5. ஒரு குறிப்பேட்டில் விதைத்த நாள், முளைத்த நாள், நட்ட நாள், முதற்பூ, முதற்காய் ஆகியவற்றைத் தேதியிட்டுக் குறித்து வருக. மடிந்த நாற்றுகளையும் மறைக்காமல் எழுதுக. அடுத்த முறை வழிகாட்டுபவை அக்குறிப்புகளே.

விளைந்த மிளகாயில் முதற்பிடியை நான்காம் வினாவிற்கு விடை தந்த பெரியவருக்குக் கொடுத்து வாருங்கள். சேமித்த விதையில் பத்தை எண்ணி ஓர் உறையிலிட்டு, அடுத்த ஆண்டு நம் பள்ளியில் சேரவிருக்கும் ஒரு மாணவருக்கென எடுத்து வையுங்கள்.